ஏரிக்குள் திருப்பிப் போட்ட களை

வண்டு மாப்பிள்ளை என்ற பெயரை நான் முதலில் கேட்டது கேலியாகத்தான். என் சின்ன நாத்தனாரின் மூத்த மகளுக்கு அவரைப் பேசி முடித்த மறுவாரம், அவள் அண்ணன், அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகுக்காரன், என் அடுப்படி வாசலில் நின்று சொன்னான்.

"கல்யாண வீட்டுல கொசு மருந்து அடிச்சிடாதீங்க அத்தை. மாப்பிள்ள வீட்டுக்காரங்க செத்துடுவாங்க."

அவன் எரிச்சல் அவனுக்கு. ஏரியை ஆகாயத்தாமரை மூடிவிட்டதால் படகு கரையிலேயே கிடந்தது. அந்தச் செடியைத் தின்னத்தான் மாப்பிள்ளை ஏரிக்கரை ஆபீசின் பின்கொட்டகையில் எட்டு சிமெண்டுத் தொட்டிகளில் வண்டு வளர்த்தார். அரிசியளவுக் கூன்வண்டு. செடியின் தண்டுக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளே குடையும், செடி கறுத்து அமிழ்ந்துபோகும். ஆனால் வருஷக்கணக்கில் ஆகும்.

அந்த மனிதராலோ ஒரு நிமிஷம் உட்கார முடியாது. சாப்பிடும்போதே கால் செருப்பைத் தேடும். மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் பூச்சி தேடிக் குரோட்டன்ஸ் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் கையைத் தட்டிவிட்டேன்.

ஏரியில் வண்டு விட்ட நாலாவது வருஷம் மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். வந்து பார்ப்போம், வண்டு பிடித்ததற்கு அடையாளம் இல்லையென்றால் ஏரி முழுக்கக் களைக்கொல்லி அடிப்போம் என்று. அடித்தால் செடியோடு வண்டும் போய்விடும். மூங்கில் நட்டுப் பிரித்த கிழக்கு மூலையில்தான் வண்டு நன்றாகப் பிடித்திருந்தது. அந்த வாரம் முழுக்க ஆபீசுக்கும் அந்த மூலைக்குமாக அவர் நடந்த நடையைப் பார்த்து எனக்கே கால் வலித்தது.

அவர்கள் வரும் நாள் காலையில், தங்கை முகத்தைப் பார்த்தோ என்னவோ, படகுக்காரனுக்குப் பாசம் பொங்கிவிட்டது. மாப்பிள்ளை பேப்பர்களை எடுக்க ஆபீசுக்குள் போயிருந்த நேரத்தில், நாலு ஆளோடு அந்த மூலையில் இறங்கினான். கறுத்தது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் வாரிக் கரையில் மலையாகக் குவித்தான். பச்சையாக இருந்ததை மட்டும் விட்டுவைத்தான். நான் சாப்பாட்டுத் தூக்கோடு போனபோது மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்.

"பளிச்சுனு இருக்கா மாப்பிள்ள? நோய் பிடிச்சதெல்லாம் எடுத்துட்டேன்."

அவர் குவியலையே பார்த்தார். திட்டவில்லை.

"புழு அதுக்குள்ளதான் இருக்கு மச்சான். வெயில் ஏறுறதுக்குள்ள திருப்பிப் போடணும்."

சொல்லிக்கொண்டே செருப்போடு தண்ணீரில் இறங்கினார். முகம் செத்துப்போய் படகுக்காரனும் இறங்கினான். நான் தூக்கை வைத்துவிட்டு அள்ளி அள்ளிக் கொடுத்தேன். ஜீப் வந்து நின்றபோது, களையை ஒழிக்கச் சம்பளம் வாங்குகிறவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று களையை ஏரிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய ஆபீசரம்மா சிரித்தேவிட்டார். மாப்பிள்ளை ஒரு தண்டை நகத்தால் பிளந்து நீட்டினார். வெள்ளைப் புழு நெளிந்தது. பத்துத் தண்டு பிளந்தார், ஏழில் இருந்தது. அந்த அம்மா சிரிப்பை விட்டுக் குவியலைச் சுற்றி நடந்தார்.

"இவ்வளவும் இந்த ஒரு மூலையிலயா?"

"நான்தாம்மா எடுத்தேன்," என்றான் படகுக்காரன். "புத்தி கெட்டுப்போய் எடுத்தேன். எல்லாம் இங்க இருந்ததுதான்."

குவியலில் பாதி அதற்குள் காய்ந்திருந்தது. ஏரியின் மேற்குப் பாதிக்கு மட்டும் மருந்து அடித்தார்கள். கிழக்குப் பாதியை மாப்பிள்ளைக்கு விட்டார்கள். அதிலிருந்து மூன்றாம் வருஷம் அந்தப் பக்கமாகப் படகு போக வழி கிடைத்தது.

மாப்பிள்ளை இப்போதும் அதே கொட்டகையில்தான் இருக்கிறார். தொட்டி பன்னிரண்டு ஆகியிருக்கிறது.