கருகிய சம்மனசு

பதினெட்டு வயதில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் தையல் வேலைக்குச் சேர்ந்தேன். கன்னியர் மடத்தில் நான் மெஷின் எம்பிராய்டரி பழகியிருந்ததை அப்பா யாரிடமோ சொல்ல, அது தோட்டத்துத் துரையின் மனைவியான துரைசாணியின் காதுக்குப் போய்விட்டது. கொழுந்து எடுக்க வேண்டியவள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து மெஷின் மிதிக்கப் போகிறாள் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

கிறிஸ்துமஸுக்கு, அதாவது நத்தாருக்கு, மரத்தில் தொங்கவிட இருபது லேஸ் நட்சத்திரங்களும், உச்சியில் வைக்கச் சிறகு விரித்த தேவதையாக ஒரு சம்மனசும் வேண்டும் என்றார் துரைசாணி. துணியை அமுக்கிப் பிடிக்கும் இரும்புக் காலை மெஷினிலிருந்து கழற்றிவிட்டு, மெல்லிய துணியை வளையத்தில் இறுக்கி, ஊசிக்கு அடியில் கையாலேயே நகர்த்தி நகர்த்தித் தைக்க வேண்டும். ஒரு தையல் இன்னொன்றின் மேல் ஏறிப் பிடித்திருக்க வேண்டும். பிறகு நூலைத் தொடாமல் துணியை மட்டும் வெட்டி எடுத்தால் லேஸ் மிஞ்சும். அதைக் கஞ்சியில் தோய்த்து விறைப்பாகக் காயவைக்க வேண்டும். சம்மனசுக்கு மட்டும் எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

பின்வராந்தாவில் நான் தைப்பேன். எனக்கு எதிரே துணி துவைத்து இஸ்திரி போடும் அக்கா நிற்பார். புருஷன் இல்லாதவர். எப்போதோ மழையில் மலைச்சரிவில் விழுந்து கால் ஒடிந்ததால், கொழுந்துக் கூடையை விட்டுப் பங்களாவுக்கு வந்தவர். "புள்ள, கண்ணு வலிக்கலையாடி? செத்த எந்திரிச்சு நில்லு" என்று தன் தேத்தண்ணியில் பாதியை எனக்கு ஊற்றுவார்.

நத்தாருக்கு ஒரு வாரம் முன்னால் பங்களாவில் வைத்த விருந்துக்கு முந்தைய நாளும் மழை விடவில்லை. சம்மனசு ஈரமாகவே இருந்தது. "விடு, பாதி காயட்டும். மேல ஒரு துணியப் போட்டு நான் பதமா இஸ்திரி போட்டுத் தாரேன்" என்றார் அக்கா. எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கொடியில் கிடந்த துணிகளைப் பார்க்கப் போன நேரத்தில், அதைக் குசினிக்குக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே இருந்த தட்டில் வைத்தேன். வந்து கடைசி நட்சத்திரத்தை வெட்ட ஆரம்பித்ததில் மறந்துவிட்டேன். ஞாபகம் வந்து ஓடினபோது ஒரு சிறகு முழுக்கப் பழுப்பேறி நுனி கருகியிருந்தது.

அதன் பிறகு நான் செய்ததை இன்றைக்கும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. சம்மனசைக் கொண்டுவந்து அக்காவின் இஸ்திரி மேசையில் வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தேன்.

துரைசாணி அந்த நேரம்தான் வந்தார். அதைத் தூக்கிப் பார்த்தார்.

"யார் செய்தது?"

நான் மெஷினை மிதிக்கத் தொடங்கினேன். நனைந்த துணிக் குவியலோடு அக்கா உள்ளே வந்தார். மேசையில் இஸ்திரிப் பெட்டி கனலோடு இருந்தது. துரைசாணி பெட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"நீயா?"

"இல்லீங்க துரைசாணி. நான் பெட்டிய அதுமேல வைக்கவே இல்லீங்க."

"அப்போ யாரு?"

அக்கா என் பக்கம் திரும்பினார். நான் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் விடியற்காலை, பங்களா வேலை பறிபோன அக்கா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று கொழுந்து மலைக்கு ஏறினார். முந்தின இரவு முழுக்க விழித்திருந்து, கருகிய சிறகை வெட்டிவிட்டு நான் புதிதாக ஒன்று தைத்துச் சேர்த்திருந்தேன். "கெட்டிக்காரி" என்று துரைசாணி முதுகில் தட்டினார்.

நத்தாருக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பெண்ணிடம் சொன்னாயா?"

திருநாளன்று பூசை முடிந்ததும் நேரே அக்காவின் லயத்துக்குப் போனேன். தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அட்டை கடித்த இடங்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, அது நான்தான்."

"தெரியும். அடுப்புப் புகை வாசம் அந்த லேசுல அடிச்சிச்சே." தேய்ப்பதை அவர் நிறுத்தவில்லை. "நீ வாயத் தொறப்பேன்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"நாளைக்கே துரைசாணிகிட்ட சொல்லிர்றேன்க்கா."

"சொல்லுங்க. உங்க மனசு ஆறணும்னா சொல்லுங்க. எனக்காகன்னு போகாதீங்க."

அதுவரை அவர் என்னை நீ, வாடி, போடி என்றுதான் கூப்பிட்டிருந்தார். அந்த 'ங்க'வைக் கேட்டதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

துரைசாணியிடம் சொன்னேன். திட்டுவார், துரத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அப்படியாவது ஆகட்டும் என்றும் இருந்தது. அவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். "இஸ்திரிக்கு வேற பொம்பளை வந்தாச்சு. முடிஞ்சது முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு, தோட்டத்துப் பூச்செடிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்காவின் கால் அந்த மழைக்காலத்தோடு புண்ணாகிப் பழுத்தது. ஈஸ்டருக்கு முன்னால், கொத்மலைப் பக்கத் தோட்டத்தில் வாக்கப்பட்ட மகளோடு இருக்க மருமகன் வந்து அவரை அழைத்துப் போனார். பஸ் ரோடு வரை நான் அக்காவின் மூட்டையைத் தூக்கிப் போனேன். பஸ் வந்ததும் வாங்கிக்கொண்டு, "மழ வருது, பாத்துப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் இரண்டு நத்தாருக்கு நான் பங்களாவில் தைத்தேன். மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போன பிறகு, கொத்மலையிலிருந்து வந்த ஒருவரிடம் விசாரித்தேன். அக்கா பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார், மலைக்குப் போவதில்லை என்றார். ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஹட்டனிலிருந்து பஸ் இருந்தது. நான் போகவில்லை.