கட்டைவிரல் அக்கா

"அந்தப் பையைக் கீழ வெக்காதீங்கம்மா. கையிலேயே இருக்கட்டும். ஒரு கையாலதான் பாக்கணும்."

பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் தன் போனை நீட்டியபடி அக்கா இப்படிச் சொல்கிறார். அந்தப் பெண் திருதிருவென்று விழிக்கிறாள். "பயப்படாதீங்க, ஒண்ணும் விக்க வரல. உங்க வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு முடியல, ஆஸ்பத்திரிக் கட்டில் வேணும்னு வெச்சுக்குங்க. இதுல எங்க நம்பர் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க, போதும்." பெண்ணின் முகத்தை அக்கா பார்ப்பதே இல்லை. கட்டைவிரல் எங்கே போகிறது, எங்கே தயங்கி நிற்கிறது என்பதைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார். விரல் நம்பரைத் தொட்டதும், "ஒம்பது செகண்ட். நல்லா இருங்க" என்று போனை வாங்கிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிடுகிறார்.

அவர் வேலை பார்ப்பது ஒரு தொண்டு நிறுவனத்தில். படுத்த படுக்கையாக ஆள் இருக்கும் வீடுகளுக்குக் கட்டில், வீல்சேர், வாக்கர் எல்லாம் இனாமாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பார்கள். முன்னறையில் அக்காவின் மேஜை, பின்னறை கிடங்கு. நடுவில் கதவு கிடையாது, ஒரு சக்கரம் கழன்ற வீல்சேரைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார்கள். அக்கா சேர்ந்தது அலுவலக உதவியாளராக. "நீங்கதான் நல்லா டைப் பண்றீங்களே" என்று சொல்லி வெப்சைட்டையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். கிடங்குக்காரர் வைத்த பெயர்தான் கட்டைவிரல் அக்கா. "அவங்ககிட்ட மூஞ்சியைக் காட்டினா யாருன்னே தெரியாது. விரலை நீட்டுங்க, உங்க பேரு, வீட்டு நம்பர் எல்லாம் சொல்லிடுவாங்க" என்பார். அக்கா சிரிக்க மாட்டார். சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஐம்பதைத் தொடப்போகிற உடம்பு. உட்கார்ந்தால் ஒரு "அப்பாடா", எழுந்தால் ஒரு "அய்யோ". மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியது. டீ ஆறி ஆடை படிந்த பிறகுதான் அது வந்த ஞாபகமே வரும். "ராத்திரி தூங்கினீங்களாக்கா?" என்று கேட்டால், "படுத்தேன் தம்பி" என்று மட்டும் பதில் வரும். ஆனாலும் காலையில் வந்ததும் முதல் வேலை, கிடங்குக்குள் போய் எத்தனை கட்டில் மிச்சம் என்று பார்த்து வெப்சைட்டில் போடுவது. அதற்குமேல் ஒரு பெரிய சிவப்புப் பட்டன்: 'கட்டில் வேண்டுமா? கூப்பிடுங்கள்.' அக்கா வருவதற்கு முன்னால் அந்தப் பட்டன் கிடையாது.

ஒரு கையால்தான் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால், பக்கவாதம் வந்த கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தார். நாற்காலியில் உட்கார முடியாமல் சரிந்துகொண்டிருந்த மனிதரை இடது கையால் தாங்கிக்கொண்டு, வலது கையால் இதே வெப்சைட்டைத் திறந்தார். பூங்கொத்து கொடுக்கிற படம், வாங்குகிற படம், எங்கள் வரலாறு, எங்கள் நோக்கம். நம்பர் எங்கோ பாதாளத்தில் இருந்தது. "நான் கீழ தள்ளத் தள்ள, அவரும் கீழ போய்க்கிட்டே இருந்தாரு" என்கிறார் அக்கா. நம்பர் கிடைத்தபோது அவர் தரையில் கிடந்தார், இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆறு மாதம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். கட்டிலைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்றைக்கே அக்கா இங்கே வேலை கேட்டார்.

இப்போது அந்தச் சிவப்புப் பட்டனுக்குத்தான் ஆபத்து. நிறுவனத்தின் தலைவி ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. எல்லோருக்கும் தலைவியம்மா. நல்ல மனசுக்காரர், தன் வீட்டின் பாதியையே கிடங்குக்கு விட்டவர். வருகிறவர்கள் சராசரியாக ஒன்பது வினாடிதான் வெப்சைட்டில் நிற்கிறார்கள் என்று யாரோ ஒரு ஆலோசகர் கணக்குக் காட்டியதிலிருந்து அவருக்கு மனசே சரியில்லை.

"வந்ததும் ஓடிடறாங்களேம்மா. நம்ம மேல ஒரு ஒட்டுதலே வர மாட்டேங்குதே."

"ஓடலம்மா. நம்பர் கெடச்சுடுது, போயிடறாங்க."

மூன்று கூட்டமாக அக்கா இதையேதான் சொல்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைவியம்மாவின் வரவேற்புரையை இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து, அது ஓடி முடிந்த பிறகுதான் நம்பர் தெரிய வேண்டும், திங்கட்கிழமை முதல் அப்படித்தான் என்று முடிவாகிவிட்டது. அவர்கள் சொன்னபடியே அக்கா வெப்சைட்டை மாற்றி, தன் போனில் மட்டும் ஏற்றி, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

"நீங்களே ஒரு தடவை பாத்துடுங்கம்மா" என்று தலைவியம்மாவை எழுந்து நிற்க வைத்து, போனை அவர் வலது கையில் கொடுத்தார். பிறகு இடது பக்கம் போய் நின்றார்.

"நான் உங்க வீட்டு நோயாளி. இந்தக் கையால என்னைப் பிடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க. கட்டிலுக்கு நம்பர் தேடுங்க."

சொல்லிவிட்டு அவர் தோளில் தலையைச் சாய்த்து, முழங்கால்களைத் தளரவிட்டார். நடிப்பு என்று சொல்ல முடியாது. நாலு வருஷத்து அலுப்பு அத்தனையும் அந்தக் கனத்தில் இருந்தது. போனில் தலைவியம்மா கைகூப்பி, "அன்பான வணக்கம்" என்று ஆரம்பித்தார். நேரில் இருந்த தலைவியம்மாவின் கட்டைவிரல் அந்த முகத்தை ஒரு தடவை தட்டியது, மறுபடி தட்டியது, ஓரமாகத் தள்ளிப் பார்த்தது. முகம் சிரித்தபடி நிறுவனத்தின் வரலாற்றைத் தொடங்கியது. அக்கா சரிந்துகொண்டே போனார். கிடங்குக்காரர் வீல்சேரைத் தாண்டி ஓடி வருவதற்குள், தலைவியம்மா போனை நழுவவிட்டு, இரண்டு கையாலும் அக்காவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.