படிகளின் நடுவே ஒரு கைப்பிடி

அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாட்கள் ஆயின.

நான் கட்டட வரைபடம் வரைபவள். வேலைத்தளம் ஒன்றை அளக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, வலது முழங்கால் சவ்வு கிழிந்து, பதுளையில் அறுவைச் சிகிச்சை முடிந்து, இரண்டு ஊன்றுகோல்களுடன் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டுக்கு, திரும்பியிருந்தேன். அம்மாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பலமிழந்திருந்தன. மலசலகூடம் லயத்துக்குப் பின்னால், பதினொரு கற்படிகளுக்குக் கீழே இருக்கிறது. நான் விழுவதற்கு முன், காலையும் மாலையும் நான் தோள் கொடுத்து இறக்குவேன். பகலில் பக்கத்து வீட்டு அக்கா. இப்போது என் தோள் ஊன்றுகோலில் தொங்கியது. எல்லா நேரமும் அக்காவைக் கூப்பிட அம்மாவுக்கு மனமில்லை. தண்ணீரைக் குறைத்துக்கொண்டார்.

மருந்து, சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் நேரம் போட்டு ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். கொப்பியின்படி அம்மா நாளைக்கு ஆறு கோப்பை குடித்தார். ஆனால் மழையே இல்லாத வாரத்தில் ஜன்னலுக்கு வெளியே இருந்த ரம்பைச் செடியின் அடி மட்டும் சொதசொதவென்று இருந்தது.

"செடிக்கு ஊத்துறீங்களா?"

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவ அந்தப் புள்ளையக் கூப்புடலாம். அதுக்கு மேல கூப்புட்டா நல்லாவா இருக்கும்?"

"கிட்னி பலவீனமா இருக்கு, தண்ணி குடிக்கணும்னு போன கிளினிக்ல டாக்டர் சொன்னாங்கதானே?"

"டாக்டர் வந்து தூக்கிட்டுப் போவாரா?"

கொழும்பிலிருந்து அண்ணன் தொலைபேசியில், பேம்பர்ஸ் வாங்கிப் போடச் சொன்னார். அம்மா தொலைபேசியைப் பிடுங்கினார். "ஒனக்குத் துணி மாத்துன வலது கை இன்னும் நல்லாத்தான் இருக்கு. வெச்சிரு போன." முப்பத்தைந்து வருடம் செங்குத்தான மலைகளில் கொழுந்து எடுத்தவரை, பதினொரு படிக்காக மெத்தையோடு கட்டிப்போட நானும் விரும்பவில்லை. அவருக்குத் தேவை ஆள் அல்ல, பிடிக்க ஒரு கம்பி.

முறைப்படிதான் தொடங்கினேன். கணக்கப்பிள்ளையிடம் அனுமதி கேட்டேன். எங்கள் பக்கத்து மலைகளில் வேலையை மேற்பார்ப்பவர் அவர். லயத்தைப் பற்றிய எதுவும் அவர் வழியாகத்தான் தோட்டத்து ஆபீசுக்குப் போகும்.

"ஒங்க வீட்டுல இப்ப யாரும் வேலைக்குப் பேர் பதியலயே, தங்கச்சி. பேர் உள்ள வீட்டுக்கே ரிப்பேர் வேல நடக்கல."

"ரிப்பேர் கேக்கலங்க. என் செலவுல நானே போட்டுக்கிறேன்."

"லயம் தோட்டத்துச் சொத்து. கேக்காம ஒரு குழி தோண்டக் கூடாது, ஒரு கல்லு வெக்கக் கூடாது."

அந்த வசனத்தை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு முறை படித்தேன். குழி தோண்டாமல், கல் வைக்காமல் நிற்கும் கைப்பிடி ஒன்றை வரைய முடியாதென்றால் நான் படித்து என்ன பயன்?

நான்கு பழைய பெயின்ட் வாளிகள். ஒவ்வொன்றிலும் நட்டநடுவே ஓர் இரும்புக் குழாய், சுற்றிலும் கொங்கிரீட். படிகளின் ஓரமாக இடைவெளி விட்டு வாளிகளை நிறுத்தி, குழாய்களின் தலையில் ஒரு நீளக் குழாயைக் கிளாம்ப் போட்டு முடுக்கினால் கைப்பிடி. எந்த நேரமும் கழற்றலாம். உயரத்தை அம்மாவின் மணிக்கட்டு வரை அளந்தேன். குழாயும் சிமெந்தும் பண்டாரவளைக் கடையிலிருந்து ஓட்டோவில் வந்தன. அக்காதான் குழைத்தார். நான் மேல்படியில் காலை நீட்டிக்கொண்டு, தண்ணீர் கூடிப்போச்சு, மணல் போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வாயாலயே வீடு கட்டிருவா போல" என்றார் அக்கா.

கொங்கிரீட் இறுகியதும், காலைக் குளிரில் கை விறைக்காமல் இருக்கக் குழாயில் சைக்கிள் டியூபைச் சுற்றினேன். அம்மா வலது கையால் பிடித்து, அக்கா முன்னால் நிற்க, ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே போய் நின்று மேலே பார்த்தார்.

"எறங்க வெச்சுட்ட. ஏறும்போது கம்பி பலமில்லாத கைப்பக்கம் வருதே. நான் இங்கயே குடியிருக்கவா?"

அக்கா சிரித்த சிரிப்பில் முழு லயமும் எட்டிப் பார்த்தது. மூன்று தாளில் வரைந்தேன். மில்லிமீட்டர் கணக்கில் அளந்தேன். போகிறவர் திரும்பியும் வருவார் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. அக்காதான் அம்மாவைத் தாங்கி மேலே ஏற்றினார். அன்று மாலையும் அம்மா தண்ணீர் வேண்டாம் என்றார்.

இரண்டாவது கைப்பிடிக்கு என்னிடம் சாமான் இல்லை. இரவு உணவுக்கு முன் விடை கிடைத்தது: கைப்பிடியை ஓரத்திலிருந்து எடுத்து நடுவில் வைப்பது. ஒரு பக்கமாக இறங்கி மறுபக்கமாக ஏறினால், இரண்டு தடவையும் கம்பி வலது கைக்கே வரும். படிகள் ஐந்தடி அகலம். இரண்டு பக்கமும் ஆள் நடக்க இடமிருந்தது. அந்தப் படிகளைப் பாவிக்கும் மற்ற இரண்டு வீடுகளிலும் கேட்டேன். விறகுக்கட்டோடு வரும்போது இடிக்கும் என்று ஒரு வீட்டில் முணுமுணுத்தார்கள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் அந்த வீட்டுப் பெண்ணே அக்காவோடு சேர்ந்து, வாளிகளைச் சாய்த்துச் சுழற்றிச் சுழற்றி நடுவுக்கு நகர்த்தினார்.

நான்காம் நாள் கணக்கப்பிள்ளை வந்தார். படிக்கு நடுவில், கைப்பிடியின் ஒரு பக்கத்தில் நின்றுகொண்டார்.

"வேணாம்னு சொன்னேன்ல, தங்கச்சி?"

"குழி தோண்டலங்க. கல்லு வெக்கல. வாளிதான் வெச்சிருக்கேன்."

"பொது வழியில வெச்சிருக்க. திங்கட்கெழமைக்குள்ள எடுத்துரு."

"எழுத்துல குடுங்க ஐயா. எதுக்கு எடுக்கணும்ங்கிற காரணத்தையும் போட்டுக் குடுங்க. நானும் எழுத்துலயே பதில் குடுக்கிறேன்."

"படிச்ச திமிரு."

"ஆமாங்க" என்றேன். ஊன்றுகோலை அக்குளில் சரிசெய்துகொண்டேன்.

அப்போது கீழே மலசலகூடக் கதவு திறந்தது. அம்மா தனியாக வெளியே வந்தார். துணைக்கு யாரும் போகவில்லை. நான் பார்க்காத நேரத்தில் இறங்கியிருக்கிறார். வலது கையால் கம்பியைப் பற்றி, வலது காலை முதலில் தூக்கி வைத்து, இடது காலை இழுத்துச் சேர்த்தார். ஆறாவது படியில் கணக்கப்பிள்ளையின் சப்பாத்துக்கு நேராக வந்து நின்றார்.

"ஐயா, இது ஏறுற பக்கம். அந்தப் பக்கம் போய் நின்னு பேசுங்க."

அவர் மறுபக்கம் போனார். அம்மா மிச்சப் படிகளை ஏறி முடித்தார். கணக்கப்பிள்ளை குனிந்து ஒரு வாளியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"திங்கட்கெழம" என்றார் மறுபடியும், கொஞ்சம் மெதுவாக.

அம்மா வாசல் கட்டையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "ஐயாவுக்கு ஒரு தேத்தண்ணி ஊத்து" என்றார் என்னிடம். "எனக்கும் ஊத்து. கப்பு நெறைய."

அந்தத் திங்கட்கிழமை போய் மூன்று வாரமாகிறது. கடிதம் வரவில்லை, கைப்பிடி அங்கேயே நிற்கிறது. வந்தால் பதில் எழுத, கைப்பிடி ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு நான்கு காரணங்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். வராவிட்டாலும் அவற்றைத் தோட்டத்து ஆபீசுக்கு அனுப்புவதாக இருக்கிறேன்.