படுத்துப் பாத்து வாங்குங்க, டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ‘கலியபெருமாள் அண்ணன்’ என்று இருந்தது. “சொல்லுங்கண்ணே” என்றேன். பேசியது அவர் இல்லை. அவருடைய மனைவி அஞ்சலாட்சி.

“டீச்சர், அவரு போயிட்டாரு டீச்சர்.”

“எங்க போயிட்டாரு?” என்று கேட்டேன். உண்மையிலேயே அப்படித்தான் கேட்டேன். அந்தப் பக்கம் அழுகை வெடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் வீடு இருக்கும் வைத்திக்குப்பத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அண்ணன் டீ சொல்லியிருக்கிறார். டீ வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து கடைக்காரர் கிளாஸைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாரடைப்பு.

நம் பள்ளியின் பேருந்தில் ஏறி இறங்கிய எல்லோருக்கும் அதன் ஓட்டுநரான அவரைத் தெரியும். அந்தக் கடா மீசையையும், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டும் பிள்ளைகளை அவர் அதட்டும் குரலையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு கொஞ்ச காலம் அவர் வண்டி ஓட்டாமல் பள்ளி வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏதோ தப்பு செய்துவிட்டார், நிர்வாகம் இறக்கிவிட்டது என்று அப்போது பேச்சு இருந்தது. அது அப்படி இல்லை. நான் அன்று பேருந்தின் முன் சீட்டில் இருந்தேன்.

மாலை நேரம். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வண்டி நிற்கிறது. ரயில் போனது, கேட் தூக்கினார்கள், முன்னால் இருந்த வண்டிகள் எல்லாம் நகர்ந்துவிட்டன. நம் பேருந்து மட்டும் நகரவில்லை. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால், ஸ்டியரிங் மேல் கை இருக்க, தலை மார்பில் சாய்ந்து, அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் தோளைத் தொட்டு எழுப்பினேன். திடுக்கிட்டு விழித்தவர், மேலே இருந்த கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அன்று வண்டியை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டி, எல்லாப் பிள்ளைகளையும் வீட்டில் இறக்கினார். பிறகு பள்ளிக்குத் திரும்பி, தலைமையாசிரியர் மேசையில் சாவியை வைத்தார்.

“நாளைலேர்ந்து நான் ஓட்டல சார். எனக்கு இன்னான்னு தெரியல. நின்ன வண்டியில தூங்கினேன். நாளைக்கு ஓடுற வண்டியில தூங்குவேன்.”

யாரும் அவர்மேல் புகார் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அந்தக் கேட்டோடு முடிந்திருக்கும். ஓட்டுநர் வேலை போனால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் சாவியை வைத்தார்.

கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்தார்கள். தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டி, தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்து அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்றார் டாக்டர். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மூளை அவரை உலுக்கி எழுப்புகிறது. அவருக்கே தெரியாமல் எழுகிறார். அதனால்தான் பகலில் அப்படி ஒரு தூக்கம். குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்துவைக்கும் சிபேப் மெஷினைப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்.

அஞ்சலாட்சி பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “கொறட்டை விடுறவரைக்கும் எனக்குப் பயமில்ல டீச்சர். கொறட்டை நின்னாதான் பயம். மூச்சு வருதான்னு மூக்குல கைய வச்சிப் பாப்பேன். வரலன்னா ஒரு குத்து வுடுவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இதான் என் பொழப்பு. காலையில கூடையத் தூக்கிக்கினு மீன் விக்கப் போவும்போது கண்ணு சொருவும்.”

மெஷின் வாங்கினார்கள். அங்கேதான் அண்ணனுடைய உண்மையான பாடு தொடங்கியது. மெஷின் கடைக்காரர் கையில் இருந்த ஒரு மாஸ்க்கை எடுத்து, நின்றபடியே அவர் மூக்கில் வைத்து, “கரெக்டா இருக்கு” என்று பெட்டியில் போட்டுவிட்டார். வீட்டில் படுத்துப் போட்டால் மீசைப் பக்கமாகக் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. கண்ணில் அடித்துக் கண் சிவக்கிறது. வாரை இறுக்கினால் மூக்குத் தண்டில் புண். வாயைத் திறந்து தூங்குகிறவர் என்பதால் உள்ளே போகும் காற்று வாய் வழியாக வெளியேறி, காலையில் நாக்கு காய்ந்து கிடக்கிறது. திரும்பக் கடைக்குப் போனால், “பழகப் பழகச் சரியாயிடும்” என்று ஒரே பதில். வாசல் நாற்காலியில் அவர் தூங்கி விழுவதை நான் பார்த்துக்கொண்டே உள்ளே போவேன்.

ஒரு நாள் காலையில் வாசலில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மீசையில்லாத முகம், மேலுதடு வெள்ளையாக. பிள்ளைகள் “புது வாட்ச்மேனா மிஸ்?” என்று கேட்டார்கள். அண்ணன்தான். தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்க் ஒட்ட வேண்டும் என்பதற்காகத் தானே சவரம் செய்திருந்தார். அப்படியும் ஒட்டவில்லை.

“வுட்டுறலாம்னு தோணுது டீச்சர்” என்றார் என்னிடம். “தம்பிங்ககூடக் கடலுக்கே போயிடுறேன். வயசான காலத்துல வலை இழுக்குறேன்.”

போகவில்லை. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய், தூக்கப் பரிசோதனைப் பிரிவில் இருந்த பெண்ணிடம் மெஷினையும் மாஸ்க்கையும் கொட்டி, “எனக்குப் புள்ளைங்கள ஏத்திக்கினு போவணும்மா. இத ஒக்காரவைக்க வழி சொல்லு” என்றிருக்கிறார். அந்தப் பெண் அவரைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, மெஷினை முழு அழுத்தத்தில் ஓடவிட்டு, வேறு வேறு மாஸ்க்குகளைப் போட்டுப் பார்த்தார். உட்கார்ந்திருக்கும்போது ஒரு முகம், படுத்தால் கன்னம் சரிந்து வேறு முகம் என்றார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஒன்று, அவர் நினைத்திருந்ததைவிடச் சின்ன அளவு, இறுக்காமலே உட்கார்ந்தது. மூக்கு காயாமல் இருக்க, காற்றை ஈரப்படுத்தும் தண்ணீர்ப் பெட்டியையும் சேர்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு மீசை வளர்ந்தபோதும் அதை ஒட்ட நறுக்கியே வைத்திருந்தார்.

அவர் தூங்கத் தொடங்கினார். டாக்டர் மெஷினில் பதிவானதைப் பார்த்து, சோதித்து, ஓட்டலாம் என்று சொன்ன பிறகுதான் சாவியைத் திரும்ப வாங்கினார். முதல் நாள் அந்த ரயில்வே கேட் வந்தபோது வண்டியை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட் தூக்கியதும் வண்டியை எடுத்தார்.

என் கதைக்கு வருகிறேன். நான் பேருந்தில் தூங்குவேன். காலையிலும் தூங்குவேன், மாலையிலும் தூங்குவேன். வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தேன். குறட்டை விடுவேன் என்பது தெரியும். ஒரு பெண், அதுவும் கணவரை இழந்து மகளோடு வாழ்கிறவள், அதை யாரிடம் போய்ச் சொல்வது? கல்யாண வீடுகளில் இரவு தங்குவதையே விட்டிருந்தேன்.

ஒரு மாலை எல்லோரும் இறங்கிய பிறகு அண்ணன் என்னை நிறுத்தினார்.

“டீச்சர், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் தூங்குன மாதிரியே தூங்குறீங்க.”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: “இதுல வெக்கம் இன்னா இருக்கு? சக்கர வியாதின்னா சொல்றோம். இதச் சொல்லக் கூடாதா? அஞ்சலாட்சிய அனுப்புறேன். அவகூடப் போயி காட்டுங்க.”

அஞ்சலாட்சி மீன் கூடையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தார். பரிசோதனையில் அண்ணன் சந்தேகப்பட்டதுதான் வந்தது. மெஷின் வாங்கப் போன அன்று அண்ணனும் லீவு போட்டுக்கொண்டு வந்தார். கடையில் இருந்தவர் ஒரு பெட்டியைத் திறந்து, “இது எல்லாருக்கும் பொருந்தும் மேடம்” என்றார். அண்ணன் அந்தப் பெட்டியை மூடினார்.

“எல்லாருக்கும் ஒரே மூஞ்சியாப்பா? படுத்துப் பாத்து வாங்குங்க டீச்சர்.”

“இங்க எப்படிண்ணே படுக்கிறது?”

“ஏன், பெஞ்ச் இருக்கே.”

நான் மறுத்தேன். அஞ்சலாட்சி அதற்குள் பெஞ்சில் துண்டை விரித்துவிட்டார். “ஆம்பளைங்கல்லாம் கொஞ்சம் வெளிய நில்லுங்க” என்றார். கடைக்காரர் உட்பட எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். உள்ளே வேலை பார்த்த பெண் மட்டும் இருந்தார். பட்டப் பகலில், பருத்திப் புடவையில், ஒரு கடை பெஞ்சில் படுத்து, நான் மாஸ்க் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு என்று அஞ்சலாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பு தாங்காமல் மாஸ்க் பறந்தது. அவ்வளவு வெட்கத்தோடு உள்ளே போனவள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கு அமைந்தது மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க். கண்ணாடிப் பெட்டியின் மேல் தட்டில் யாரும் கேட்காமல் கிடந்த ஒன்று.

பிறகும் சில வாரங்கள் நான் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தேன். அண்ணன் பிள்ளைகள் முன்னால் எதுவும் கேட்க மாட்டார். பேருந்தில் ஏறும்போது, “தூங்குனீங்களா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன். “சண்ட போடாதீங்க. பகல்ல டிவி பாக்கும்போது சும்மா மாட்டிக்கினு ஒக்காருங்க” என்பார். ஒரு காலையில், “தூங்கினேண்ணே” என்றேன். “அப்பாடா” என்றார். அன்று நான் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனையோ வருடமாகப் போய்வரும் வழி. பாதிக்குமேல் அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு மட்டும் செய்தார் என்று நினைத்திருந்தேன். அவர் இறந்த அன்று வைத்திக்குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றபோது, எனக்குத் தெரியாத பலர் வந்து அழுதார்கள். கடை கடையாக உடன் வந்தவர், வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்து முதலில் பழகிப் பார் என்றவர், மின்வெட்டுக்கு பேட்டரி பார்த்துக் கொடுத்தவர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லோரும் ஏதோ ஒரு கடையில் பெஞ்சிலோ தரையிலோ படுத்தவர்கள்.

அஞ்சலாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். “ஒரு நாளு விடாமப் போட்டாரே டீச்சர். அப்புறம் எப்படி?”

டாக்டர் அவருக்கு விளக்கியிருந்தார். மூச்சு நின்று நின்று வந்த அத்தனை வருடமும் இதயம் தனியாக இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. மெஷின் வருவதற்கு முன்பே அது களைத்திருக்கலாம் என்று. அதையே என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது விளக்கம் அல்ல. “நாந்தான் முழிச்சிப் பாத்துக்கினேன் இத்தினி வருசம். மெஷினு வந்துச்சேன்னு நிம்மதியாத் தூங்கிட்டேன் டீச்சர்” என்றார். அவரைக் கட்டிக்கொண்டேன். எவ்வளவு சொல்லியும் அந்த எண்ணத்தை அவரிடமிருந்து என்னால் எடுக்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

காரியம் முடிந்த பிறகு அஞ்சலாட்சியே அந்த மெஷினை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தோம். சுத்தம் செய்து, அழுத்தத்தை மாற்றி, புதுக் குழாயோடு வசதியில்லாத ஒருவருக்குக் கொடுக்கலாம் என்றார்கள். பையில் வைக்கும்போது மாஸ்க்கை மட்டும் அஞ்சலாட்சி கழற்றிக்கொண்டார்.

“இது இருக்கட்டும் டீச்சர். இது அவரு மூஞ்சிக்குன்னே அமைஞ்சது. வேற யாருக்கும் ஒக்காராது.”

அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து, அண்ணனுடைய சட்டைகளுக்கு நடுவில் வைத்து பீரோவை மூடினார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று யோசிக்கிறேன். அவர் எனக்கு எதையும் கையில் கொடுத்ததில்லை. அவரைத் தகனம் செய்த அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்தேன். இன்று தூக்கம் வராது, வரவும் கூடாது என்று நினைத்தேன். பழக்கத்தில் கை மாஸ்க்கை எடுத்து மாட்டியது. காற்று வந்தது. அழுதுகொண்டே தூங்கிவிட்டேன். விழித்தபோது விடிந்திருந்தது, தலை கனக்கவில்லை, கண் எரியவில்லை. அண்ணன் இல்லாத முதல் காலை அவ்வளவு தெளிவாக இருந்தது.