சொல்லு, சொல்லுங்கோ

போன வாரம் மகளைக் கூட்டிவரக் கிண்டர்கார்ட்டனுக்குப் போனபோது, ஆசிரியை கதவடியில் என்னை மறித்து, "வியாழக்கிழமை என்ட்விக்லுங்ஸ்கெஷ்ப்ரேஷ், மறந்துவிடாதீர்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுசிக்கு ஏன் என்று விளங்கவில்லை. என்ட்விக்லுங் என்றால், இலங்கையில் நாங்கள் வீதிக்கு வீதி பலகை நட்டு எழுதி வைப்போமே அபிவிருத்தி என்று, அதுதான். கெஷ்ப்ரேஷ் என்றால் பேச்சு. ஜெர்மன்காரர்கள் பிள்ளையின் வளர்ச்சிக்கும் நாட்டின் அபிவிருத்திக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். புகைப்படச் சுருளைக் கழுவித் தருவதற்கும் அதே சொல்தான். தமிழில் நாங்கள் இவற்றைத் தனித்தனிப் பெட்டிகளில் போட்டிருக்கிறோம்.

இந்தச் சொல்லிடம் நான் நன்றாக மூக்குடைபட்டவள். மூத்தவன் கிண்டர்கார்ட்டன் போன காலத்தில் என் ஜெர்மன் அரைகுறை. மொழி வகுப்புப் பாடத்தில், இலங்கை ஒரு என்ட்விக்லுங்ஸ்லாண்ட், அதாவது அபிவிருத்தி அடைந்துவரும் நாடு, என்று படித்திருந்தேன். முதன்முறை இந்தப் பேச்சுக்கு அழைத்தபோது, எங்கள் நாட்டைப் பற்றி விசாரிக்கப் போகிறார்கள் என்றே நம்பினேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவள் அல்லவா, சந்தர்ப்பத்தை விடுவேனா? சேலை உடுத்திக்கொண்டு, இலவசக் கல்வி, குளங்கள், நீர்ப்பாசனம் எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். ஆசிரியை அன்போடு, "இன்னும் எதில் முன்னேற்றம் தேவை என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். "வீதிகளும் மின்சாரமும்" என்றேன். அவர், என் மகன் கத்தரிக்கோலால் வெட்டிய கடதாசி மீன் ஒன்றை மேசையில் எடுத்து வைத்தார். விளையாட்டுச் சாமான்களைப் பங்கிடுவதில்தான் அவனுக்குப் பிரச்சினையாம். வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்த்து எறிந்துவிட்டு அழுதேன், பிறகு சிரித்தேன்.

வாசிக்கிற நீங்கள் ஊரில் இருந்தாலும் சரி, என்னைப்போல ஏதோ ஒரு குளிர்நாட்டில் இருந்தாலும் சரி, உங்களுக்கும் இப்படி ஒரு சொல் இருக்கும். எனக்கு இந்தச் சொல்லே பிழைப்பாகவும் போயிற்று. என் பட்டம் இங்கே செல்லாது என்றார்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே திரும்பவும் படித்தேன். இப்போது நாங்கள் இருக்கிற ஹம் நகரிலிருந்து பிராந்திய ரயிலில் போய்வருகிற தூரத்தில், ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருக்கிறேன். கரீபியன் தீவுகளில் அபிவிருத்தி என்றால் என்ன என்பதைப் பல துறைக்காரர் ஒன்றாக உட்கார்ந்து மறுபடி யோசிப்பது எங்கள் குழுவின் வேலை. தமிழச்சிக்குக் கரீபியனில் என்ன வேலை என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

ஆனால் வேலை பிடித்துக்கொண்டது. ஒரு கூட்டத்தில், குழுத் தலைவரான பொருளியல் பேராசிரியர் யூர்கன், தீவொன்றின் வாழைப்பழ ஏற்றுமதி ஏறிக்கொண்டே போனதைச் சுவரில் ஒரு கோடாகக் காட்டினார். அழகான கோடு. பக்கத்தில் இருந்த மண்ணியல்காரி அதே தீவின் வரைபடத்தை விரித்தாள். அந்த வாழைகளுக்கு அடித்த பூச்சிமருந்து இன்னும் மண்ணைவிட்டுப் போகவில்லை, அங்கே கிழங்கு நட முடியாது என்றாள். கோடு ஏறிய இடமும் கிழங்கு நட முடியாத இடமும் ஒன்றுதான். யூர்கன் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "அப்படியென்றால் நான் இவ்வளவு காலமும் எதை அளந்தேன்?" என்று கேட்டுவிட்டுக் கோப்பியைக் குடிக்காமலே ஆறவிட்டார். இந்த மாதிரிக் கேள்விகளுக்காகவே நான் ரயிலேறிப் போகிறேன்.

இந்தக் குழுவுக்கு விருந்தினராக வந்தவர்தான் மர்லேன். குவாதலூப் என்கிற பிரெஞ்சுத் தீவுக்காரி, வாய்மொழிக் கதைகளையும் பாடல்களையும் ஆராய்பவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர். முகத்தைப் பார்த்தால் எங்கள் கோயில் திருவிழாவில் எதிர்ப்படுகிற யாரோ ஒரு அக்காதான். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன்.

என் கணவர் ரவிக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. தொழிற்சாலை வேலையில் ஜெர்மன்தான் வளர்ந்தது. இருந்தாலும் விருந்தாளியை மகிழ்விக்கிற ஆசை அவருக்கு. மர்லேன் என் ஆட்டிறைச்சிக் கறியை வாயில் வைத்துவிட்டு, "எங்கள் வீட்டிலும் ஞாயிறென்றால் கொலம்போதான்" என்றார். ரவி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ஞாயிறும் கொழும்பா? "அங்கேயிருந்து கொழும்புக்கு எவ்வளவு நேரம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "மெல்லிய நெருப்பில் வைத்தால் இரண்டு மணித்தியாலம்" என்றார் மர்லேன். ரவி என்னைப் பார்க்க, நான் ரவியைப் பார்க்க, கடைசியில் அவர்கள் ஊரில் கொலம்போ என்பது கறியின் பெயர் என்று தெரியவந்தது. எங்கள் குழம்புதான் அது. கப்பலேறிப் போய், பிரெஞ்சு வாயில் விழுந்து, தலைநகராகி நிற்கிறது. மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பின் இளக்கத்தில்தான் மர்லேன் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மா போன வருடம் காலமானார். பிள்ளைகளைக் குளிப்பாட்டித் துவட்டும்போது தலையில் கைவைத்து அவர் ஒரு வாசகம் சொல்வாராம். அது தமிழ் என்று மட்டும் தெரியும், பொருள் அம்மாவுக்கும் தெரியாது. பெருகு, செழி, நிலைத்து நில் என்று ஆசி கூறுவதாக ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அடுத்து வந்த வியாழக்கிழமை பல்கலைக்கழகத்தில் நடக்கவிருந்த தன் பொது உரையை அந்த வாசகத்தில்தான் தொடங்கப் போவதாகச் சொன்னார் மர்லேன். அபிவிருத்தி என்ற யோசனை வெளியிலிருந்து வரவில்லை, எங்கள் அம்மாக்களிடம் முன்பே இருந்தது என்பது அவருடைய வாதம். யூர்கனுக்கு அது மிகவும் பிடித்துப்போய், வாசகத்தையும் பொருளையும் அறிவிப்புச் சுவரொட்டியிலேயே போட்டுவிட்டார். "உன் வாயால் ஒருமுறை சரியாகச் சொல்லிக் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, மர்லேன் கண்களை மூடிக்கொண்டு சொன்னார்: "பேசொலு, ஊசொலு, தலினிலு."

ரவியின் கை கோப்பையிலேயே நின்றது. "இஞ்சரும், உது ஆசீர்வாதமில்லை" என்றார் தமிழில், குரலைத் தாழ்த்தி. "பேரைச் சொல்லு, ஊரைச் சொல்லு, தள்ளி நில்லு. லைனில நிக்கிறவைக்குச் சொல்லுறது."

"எனக்கும் விளங்குது. இப்ப கதையாதேங்கோ."

"சொல்லத்தான் போறீரோ? பாவம் மனுசி. அம்மாவும் இல்லை."

"கொஞ்சம் பொறுங்கோப்பா."

"நீங்கள் என் அம்மாவைப் பற்றித்தான் பேசுகிறீர்கள்" என்றார் மர்லேன். ரவியின் பேச்சில் தன் அம்மாவின் வாசகத்தின் ஒலிகளை அவர் காது பிடித்துவிட்டது. பழைய தமிழாயிருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று மழுப்பினேன். எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த மூன்று கட்டளைகளும் அதே வரிசையில் என் காதில் முன்பே விழுந்தவை.

நான் மயிலிட்டியில் பிறந்தவள். கடற்கரைக் கிராமம். எனக்கு விவரம் தெரியத் தொடங்குமுன்பே இடம்பெயர்ந்துவிட்டோம், ஊர் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. சில வருடம் கழித்தும் முகாமில் நிவாரணத்துக்கு வரிசையில்தான் நின்றோம். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு என் அப்பாவைவிட வயது குறைவு. தலையை நிமிர்த்தாமலே, "பேரைச் சொல்லு" என்றார். அப்பா சொன்னார். "ஊரைச் சொல்லு." சொன்னார். "தள்ளி நில்லு." சொந்தமாகப் படகு வைத்திருந்த மனிதர், வள்ளத்துக்கு வருகிற ஆட்கள் எல்லாம் 'அண்ணை, சொல்லுங்கோ' என்று பேசுகிற மனிதர், தள்ளி நின்றார். அந்த ஆளின் கையைக் கடிக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது. எழுதும்போது இப்போதும் வருகிறது. எங்கள் ஆட்களை, மரியாதைக்குச் சேர்க்கிற ஒரு 'ங்கோ' என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

காரைக்காலிலோ தீவில் இறங்கிய துறையிலோ அப்படி ஒரு வரிசையில்தான் மர்லேனின் முன்னோர் நின்றிருப்பார்கள் என்று தோன்றியது. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் கிடையாது. மறுநாள் குழுவின் மொழியியல்காரரிடம் விசாரித்தேன், மர்லேனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு. ஒற்றை வாசகத்தை வைத்து எங்கே, எப்போது என்று சாதிக்க முடியாது, ஆனால் ஒலித் திரிபு நீ சொல்கிறபடி பொருந்துகிறது என்றார். இன்னும் மூன்று நாளில் உரை. சொல்லாவிட்டால், மண்டபத்தில் தமிழர் யாராவது ஒருவர் எழும்பிச் சொல்லுவார். சொன்னால், அம்மாவிடமிருந்து அவருக்கு மிஞ்சியிருக்கிற ஒரே தமிழ் ஒரு அதிகாரியின் அதட்டலாகிவிடும். எது பெரிய கொடுமை என்று ரயிலில் யோசித்தபடியே போய், இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிற்றுண்டிச்சாலைக்குப் போகிற வழியில் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, அது வரிசையில் நிற்கிறவர்களிடம் அதிகாரிகள் சொல்வது என்றும் சொன்னேன். அவர் நடையை நிறுத்தவில்லை. மரங்களுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "அது மரியாதையில்லாத பேச்சா?"

அதிலே ஒரு சிக்கல் இருக்கிறது என்றேன். பெரியவர்களுக்குச் சொல்லுங்கோ, பிள்ளைகளுக்குச் சொல்லு. மதிக்காத ஆளுக்கும் அதே சொல்லு. எழுத்திலே வித்தியாசம் கிடையாது. யார் யாருக்குச் சொல்கிறார் என்பதை வைத்துத்தான் பொருள்.

"அப்படியென்றால், என் அம்மா எங்களுக்குச் சொன்னது சரி."

"ஓம்" என்றேன் தமிழிலேயே.

"அந்த ஆள் என் பாட்டனின் பாட்டனுக்குச் சொன்னதுதான் பிழை. வளர்ந்த மனிதனைப் பிள்ளையாக்கிவிட்டான்." பிறகு, "உங்கள் ஜெர்மன் சொல் மாதிரி" என்றார். என் சேலைக் கதையை அவருக்கு நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். பிள்ளைக்கும் நாட்டுக்கும் ஒரே சொல் என்பதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லியிருந்தேன். அதற்குள் இது கிடந்தது எனக்குத் தெரியாது.

அன்று மாலை அவர் தன் விடுதி அறையைவிட்டு வெளியே வரவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. பாவியாகிவிட்டேனே என்று ரவியிடம் புலம்பினேன். "இனிப் புலம்பி என்ன செய்ய ஏலும்? சொன்னது சொன்னதுதான். விடும்" என்றார் அவர்.

வியாழன் உரையை மர்லேன் அந்த வாசகத்தில்தான் தொடங்கினார். சுவரொட்டியில் இருக்கும் பொருள் தவறு என்று சொல்லி, சரியான பொருளைச் சொன்னார். எங்களை எண்ணினார்கள், எழுதினார்கள், தள்ளி நிற்கச் சொன்னார்கள், அதற்குத் தோட்ட வளர்ச்சி என்று பெயர் வைத்தார்கள் என்றார். அந்த அதட்டலை எங்கள் வீட்டுப் பெண்கள் எடுத்துக் குளித்த பிள்ளையின் தலையில் வைத்தார்கள், பேரும் ஊரும் மறக்கக்கூடாது என்று நினைத்திருப்பார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது, கேட்க அம்மா இல்லை என்றார். கேள்வி நேரத்தில் யூர்கன் மெல்ல எழுந்து, அப்படியென்றால் இது அபிவிருத்தி பற்றிய ஒரு கருத்தா, இல்லையா என்று கேட்டார். "உங்கள் கோடு ஏறுகிற ஒவ்வொரு இடத்திலும், யார் யாரிடம் 'சொல்லு' என்றார் என்று முதலில் பார்ப்போம்" என்றார் மர்லேன். யூர்கன் அதை எழுதிக்கொண்டார். எனக்கு எழும்பிக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. வெட்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை அவரை வழியனுப்ப ஹம் நிலையத்தில் நின்றேன். கொலோன் போய், அங்கிருந்து பாரிஸ், பிறகு தீவு. ரவி வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் ஒரு போத்தல் அவருடைய பெட்டிக்குள் இருந்தது. மேடையில் நல்ல குளிர். மர்லேன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்புவிக்கிறவர்போல ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தார்:

"பேரைச் சொல்லுங்கோ."

'ங்கோ'வை உச்சரிக்க யாரிடம் பழகினாரோ, ரவியிடமாகத்தான் இருக்கும். "சுகந்தி" என்றேன்.

"ஊரைச் சொல்லுங்கோ."

இந்தக் கேள்வியை என்னிடம் இத்தனை மரியாதையாக இதுவரை யாரும் கேட்டதில்லை. மயிலிட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே நான் வாழ்ந்த நினைவே எனக்குக் கிடையாது. ஹம் என்று சொல்லலாம், என் பிள்ளைகள் பிறந்த இடம், ஆனால் நாக்கு அதற்கு மடங்கவில்லை. மர்லேன் அவசரப்படுத்தாமல் காத்துக்கொண்டிருந்தார். அதற்குள் ரயில் வருவதாக ஒலிபெருக்கி அறிவித்தது. தயவுசெய்து மேடை விளிம்பிலிருந்து தள்ளி நில்லுங்கள் என்றது ஜெர்மனில். கையை விடாமலே இரண்டு பேரும் தள்ளி நின்றோம்.