பிறவி மூளி

அம்மாவுக்கு அன்று நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது. என் மகளுக்கு இதைச் சொல்லலாமா, சின்னப் பிள்ளை பயந்துவிடுவாளோ என்று பலமுறை யோசித்து விட்டுவிட்டேன். நான் நாலு எழுத்துப் படித்தவள் என்பதால் எழுதியாவது வைக்கிறேன். அதுவும் சரிதானா, தெரியவில்லை.

ஒல்லாந்தர் கோட்டையில் காசு அடித்துக்கொண்டிருந்த காலம். அம்மா ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிப்பாள். விற்ற காசை மடியில் முடிந்தபடியே மறுபடி தண்ணீரில் இறங்குவாள். அந்தக் காசு நாறுகிறது என்று அரிசிக்கடைக்காரர் தொடமாட்டார். அதனால் எங்கள் பெண்கள் காசைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித்தான் கடைக்குக் கொண்டுபோவார்கள். இறால் மட்டும் அவருக்கு நாறியதில்லை.

அன்று அம்மா நீட்டிய செப்புக்காசின் ஓரத்தில் பிறை போல ஒரு துண்டு குறைந்திருந்தது. தேய்த்த தேய்ப்பில் அந்த இடமும் இப்போதுதான் வெட்டியது போல மின்னியது.

“இன்னாம்மே, எறா விக்கிறியா, செம்பு விக்கிறியா?” என்று கடைக்காரர் கூவினார். காசை நறுக்கிச் செம்பு திருடுவது பெரிய குற்றம். சந்தை மணியக்காரர் வந்துவிட்டார். காசு அடிக்கும் கம்பட்டத்து ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றார். அவரையே கேட்டுவிடலாம் என்றார்கள். அவர் என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. செப்புத் தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டியெடுப்பது அவர் வேலை.

எனக்கு உயிர் வந்தது. மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பீற்றிக்கொள்ளும் விஷயம்தானே இது! தகடு வெட்டும்போதே கை தவறி வட்டத்தில் ஓரம் குறைந்திருந்தால், முத்திரை அடிக்கையில் எழுத்து அந்தக் குறையை நெருங்க நெருங்க மங்கிவிடும். “அது பொறவி மூளி” என்பார். முத்திரை அடித்த பிறகு எவனாவது நறுக்கியிருந்தால் எழுத்து கத்தி பட்ட இடத்தில் சட்டென்று நிற்கும். அம்மாவின் காசில் எழுத்து மங்கித்தான் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை, எனக்கே தெரிந்தது.

மாமா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெட்னதுதாங்க.”

“மாமா, நல்லா பாரு! எழுத்து மங்கிக்கீது பாரு!” என்று கத்தினேன்.

“சும்மா இருடி” என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். பிறகு மணியக்காரரிடம், “நான்தான் சாமி வெட்னேன்” என்றாள்.

மணியக்காரர் மாமாவின் தோளைத் தட்டினார். “அக்கான்னுகூட பாக்கலை. ஆம்பளைன்னா இவன் ஆம்பளை!”

அந்தக் காசையே துளையிட்டு அம்மாவின் கழுத்தில் கட்டி, பொழுது சாயும்வரை வெயிலில் நிற்கவைத்தார்கள். இனி இந்தச் சந்தையில் கூடை இறக்கக்கூடாது என்றார்கள். அதன்பிறகு அவள் காட்டூருக்கும் பொன்னேரிக்கும் கூடை சுமந்து நடந்தாள். அரிசிக்கடைக்காரர் வேறு பெண்களிடம் இறால் வாங்கித் தின்றார்.

மறுநாள் அம்மா இறால் குழம்பு வைத்தாள். “மாமாவுக்குக் குட்த்துட்டு வாடி” என்று சட்டியை நீட்டினாள்.

“அந்த ஆளுக்கா?”

“அவன் என் தம்பிடி. போ.”

போனேன். மாமா தலை நிமிரவில்லை. இரண்டு கைகளையும் நீட்டிச் சட்டியை வாங்கிக்கொண்டார். வெட்கமில்லாமல் வாங்குகிறாரே என்று அந்தக் கைகளையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

பிறவி மூளிக்காசு வெளியே போனால் அந்த வட்டத்தை வெட்டியவனுக்குக் கம்பட்டத்தில் விரல்களை வெட்டிவிடுவார்கள் என்பது நான் வளர்ந்த பிறகுதான் காதில் விழுந்தது. அதற்குப் பிறகும் என் கோபம் குறையவில்லை. யார் மேல் என்பதுதான் நாளுக்கு நாள் மாறுகிறது. அன்று அவ்வளவு முறைத்தும், சட்டியைப் பிடித்திருந்த பத்து விரல்களும் முழுசாக இருந்ததை நான் பார்க்கவே இல்லை.