துஷ்யந்தியின் பேட்டரிக் கூடு

ரிமோட்டின் முதுகு மூடியைக் கழற்றி, உள்ளே கிடந்த பேட்டரிகளைக் கட்டைவிரலால் ஓர் உருட்டு உருட்டி மூடினாள் துஷ்யந்தி. அடுத்தது சுவர்க் கடிகாரம். அதை ஆணியிலிருந்து இறக்கி, பேட்டரியை உருவி, சிமெந்துத் தரைக்குச் சற்று மேலே நிமிர்த்திப் பிடித்து விட்டாள். அது துள்ளி விழுந்தது.

“இது போச்சுக்கா. உசுரு இருந்தா துள்ளாது, தொப்புன்னு நிக்கும்.”

தோட்ட வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பரா ஷாமிளாவிடம் உப்புக் கேட்டு வந்தவள் அவள். உப்பை மறந்துவிட்டுத்தான் போனாள்.

யார் வீட்டுக்குப் போனாலும் இதுதான். நாற்காலி போட்டால் அரை இருக்கையில் உட்காருவாள், அதற்குள் ஒரு கால் ஆடத் தொடங்கிவிடும். தேநீரை நின்றபடியே குடிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் அவிசாவளைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளில் பேட்டரி உட்காரும் கூடுகளைப் பொருத்திப் பற்றவைக்கும் மேசையில் இருந்தவள். கையைச் சும்மா வைக்க அங்கே விடவில்லை. இப்போது தெரணியகலைக்கு மேலே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். ஆனாலும் அந்தக் கை அடங்கவில்லை. இடுப்புப் பையில் ஒரு துண்டு உப்புத்தாளும், புளிக்கிற தேசிக்காய்ப் பாதியும் எப்போதும் இருக்கும். பேட்டரி கசிந்து பச்சை பூத்த சுருள்வில்லைக் கண்டால் தேசிக்காயால் தேய்த்து, உப்புத்தாளால் சுரண்டி, பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் நகர்வாள். பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்கள் வீட்டுக் கடிகாரமும் அவள் கைபட்டுத்தான் ஓடுகிறது.

அவளுடைய அலைச்சலுக்குக் காரணம் லயத்துக்குப் பின்னால் நிற்கிறது. மண்மேட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது. போன மழைக்கு, கடைசிக் காம்பராவின் குசினி மண்ணுக்குள் போய்விட்டது. நல்ல காலம், அடுப்படியில் ஆள் இல்லை. அதிகாரிகள் வந்து சிவப்பு மையால் கோடு போட்டார்கள். கனமழை பெய்தால் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். “கனமழன்னா எவ்வளவு ஐயா? இங்க பேயிறதெல்லாம் கனந்தானே?” என்று துஷ்யந்தி கேட்டாள். அவர்கள் மை டப்பாவை மூடிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

அதனால் அவளே சத்தம் போட்டு எச்சரிக்கும் பெட்டி ஒன்று செய்தாள். வெடிப்புக்கு அந்தப் பக்கம் ஒரு முளை, இந்தப் பக்கம் ஒரு முளை. இந்தப் பக்கத்து முளையில் உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றைக் கட்டி, அதன் இரண்டு உதட்டிலும் செம்புக் கம்பி சுற்றினாள். உதடுகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க, யோகட் கோப்பையிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் துண்டை நடுவில் செருகினாள். அந்தத் துண்டிலிருந்து தூண்டில் நூல் ஒன்று அந்தப் பக்கத்து முளைக்குப் போகிறது. மண் நகர்ந்தால் நூல் துண்டை இழுத்துவிடும். உதடுகள் கவ்வும். கம்பியின் மறுமுனையில், லயத்தில் தொங்கும் பெட்டி ஊர் கேட்கக் கத்தும். காத்திருக்கிற காலமெல்லாம் அது பேட்டரியில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. கத்தும்போதுதான் பசி.

அன்று மழை மத்தியானத்திலேயே இறங்கிவிட்டது. தேயிலை மலையில் நின்றவள் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். “எங்க புள்ள ஓடுற? கொழுந்து நெறுக்க வேணாமா?” என்று கங்காணி கத்தியது முதுகுக்குத்தான் கேட்டது. மழை வந்தால் துண்டை இழுத்து, பெட்டி கத்துகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். இழுத்தாள். சத்தம் இல்லை. திரும்பச் செருகி இழுத்தாள். மழைச் சத்தம்தான்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்த மூன்று பென்டோர்ச் பேட்டரியும் அவள் போட்டவை அல்ல. உறை உரிந்த கிழடுகள். எதிரே இஸ்தோப்புத் திண்ணையில் அழகமுத்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். மரக்கறித் தோட்டத்துக்கு இரவில் டோர்ச்சோடு காவல் போகிறவர்.

“யாரு மாமா இதுல கை வச்சது?”

“நாந்தான். ஏன் மூஞ்சி இப்பிடி போவுது? வெறுங்கூடாவா விட்டேன்? பதிலுக்கு மூணு போட்டுட்டுத்தானே வந்தேன்.”

“செத்த பேட்ரி மாமா இது.”

“டோர்ச்சுக்குத்தான் செத்தது. மணிக்கூட்டுல போட்டா இன்னும் ஓடும். ஒம் பெட்டி என்ன வேல செய்யுது? நீ இழுத்தாக் கத்துது. தானா ஒரு நாளும் கத்துனதில்ல.”

“தானா கத்துற அன்னிக்கு மண்ணு உங்க அடுப்பு மேல நிக்கும்.”

“எனக்குப் பன்னி தெனம் வந்து நிக்குது, தாயி.”

அழகமுத்து கெட்ட மனிதர் அல்ல. லயத்தில் பேட்டரி போகும் வழி அது. புதியது டோர்ச்சுக்கு, களைத்தால் ரேடியோவுக்கு, அதிலும் களைத்தால் கடிகாரத்துக்கு. வேலை குறைந்த இடத்துக்கு வயதானதை அனுப்புகிறார்கள். பெட்டியையும் கடிகாரத்தோடு சேர்த்துவிட்டார். அவ்வளவுதான்.

அவ்வளவுதான், ஆனால் எட்டுக் காம்பரா சனம் அந்த மண்மேட்டின் கீழே படுக்கிறது. அவர் எடுத்தவையும் டோர்ச்சில் எரிந்து களைத்துவிட்டன, புது பேட்டரி யாரிடமும் இல்லை. மழைக்குப் போடும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, மழை விடும்வரை துஷ்யந்தியே வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் தெரணியகலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கபூர் நானாவின் கடை.

“நானா, வேற எந்தச் சாமானுக்கும் பொருந்தாத பேட்ரி ஒண்ணு காட்டுங்க.”

“இதென்ன கேள்வி தங்கச்சி? ஆக்கள் எல்லாத்துக்கும் பொருந்துறதத்தானே கேட்டு வாற.” சிரித்துக்கொண்டே காசு மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். “இது ஈக்கி. டோர்ச்சுக்கு ஆகாது.” ‘இருக்கு’ என்பது அவர் வாயில் ‘ஈக்கி’.

காசு பேட்டரிக்கு மெல்லக் குடிக்கிற சாமான்தான் சரி. பெட்டி ஒரு தரம் வாயைத் திறந்தால் அது மயங்கிவிடும். அதோடு தவழுகிற பிள்ளைகள் இருக்கிற லயம். விழுங்கினால் தொண்டையைப் புண்ணாக்கிவிடும் என்று கிளினிக்கில் படம் ஒட்டியிருந்ததைப் பார்த்தவள் அவள். தொடாமல் ஒதுக்கினாள்.

சதுரப் பேட்டரி வந்தது. அதற்குச் சத்தம் பெரிது, வயிறு சின்னது. கிழவி, குழந்தை எல்லாரையும் கிளப்பி வெளியே கொண்டுபோகும்வரை கத்துமா? அதன் தகர உதட்டில் மாட்டுகிற மூடியும் நாலு தடவை இழுத்தால் தளர்ந்துவிடும். சார்ஜ் போடுகிற பேட்டரி சும்மா கிடந்தே இளைத்துப்போகும். கடைசியாக, பென்டோர்ச் பேட்டரியைப் பாதியாக நறுக்கியது போல ஒன்று. வருஷக்கணக்காகக் கெடாது, யாரும் இரவல் எடுக்கவும் முடியாது. துஷ்யந்தியின் முகம் மலர்ந்தது.

“இது தீந்து முடிஞ்சா கொழும்புக்குத்தான் செல்லியனுப்பணும்,” என்றார் நானா. “மழ நேரம் பஸ்ஸும் வராது.”

அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். கால் ஆடியது. பின்னால் நின்றவர் ஒரு பல்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

“அப்ப இந்த பேட்ரிக் கூட்ட எடுங்க,” என்றார் நானா. “ஸ்குரூ மூடி ஈக்கி, களவு போகாது.”

துஷ்யந்தி அந்த ஸ்குரூவை நகத்தால் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. “ஸ்குரூ போட்டா எடுக்கவும் மாட்டாங்க, போடவும் மாட்டாங்க நானா,” என்றாள். “நான் மலையில நிக்கிற நேரம் யாரு தொறக்கிறது?”

கடைசியில் வாங்கியது அதே பென்டோர்ச் பேட்டரி, கசியாத நல்ல வகை. தடித்த வில் உள்ள, மூடியே இல்லாத கூடு ஒன்று. அழகமுத்துவின் டோர்ச்சுக்கென்று தனியாக மூன்று.

“இதுக்கா இவ்வளவு நேரம் நிண்ட? பிஸ்ஸுதான் ஒனக்கு.” பைத்தியம் என்பதற்கு அங்கே எல்லார் வாயிலும் சிங்களச் சொல்தான் முந்தும்.

பெட்டியை அவள் அழகமுத்துவின் இஸ்தோப்புச் சுவருக்கே மாற்றினாள். கம்பியை அதுவரை நீட்டினாள்.

“இனிமே இது உங்க பெட்டி மாமா. மழ தொடங்குனா நீங்கதான் இழுத்துப் பாக்கணும். வில்லு இருக்கிற பக்கம் தட்டை. குமிழு வில்லுல படக் கூடாது.”

“களவாண்டவன் கையிலயே சாவியக் குடுக்கிறியா?”

“சாவி எங்க மாமா இருக்கு? மூடியே இல்லையே.”

“பன்னியவே கெழங்குக்குக் காவல் வச்சிருக்கா,” என்று ஷாமிளா லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். துஷ்யந்தியும் சிரித்தாள். ஆனால் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போனாள், அது சுற்று வழி.

ஞாயிற்றுக்கிழமை மழை மறுபடி கொட்டியது. அழகமுத்து எழுந்தார். பேட்டரிகளைக் கழற்றி, ஈரம் போகக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டார். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போய்த் துண்டை இழுத்தார்.

சத்தம் இல்லை.

வாசலில் நின்ற துஷ்யந்திக்கு அங்கிருந்தே தெரிந்தது. நடுப் பேட்டரி தலைகீழாக இருந்தது. ஒரு கால் படியில் இறங்கிவிட்டது. வாயும் திறந்துவிட்டது. இப்போது போனால் இனி ஒவ்வொரு மழைக்கும் அந்த மனிதர் அவளையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் மலையில் நிற்கும் நாளிலும். வாயை மூடினாள். அழகமுத்து திரும்பி வந்து அவள் பக்கம் பார்த்தார். அவள் மழையைப் பார்த்தாள்.

“வில்லு... தட்டை...” அவர் முணுமுணுப்பது மழையையும் தாண்டிக் கேட்டது. ஒன்றை உருவினார். திருப்பினார். அழுத்தினார்.

பெட்டி அலறியது. நாய்கள் எல்லாம் குரைத்தன. எங்கேயோ ஒரு பிள்ளை வீரிட்டது. “அந்த எழவ நிப்பாட்டுங்க மாமா!” என்று ஷாமிளா உள்ளேயிருந்து கத்தினாள்.

துஷ்யந்தி படியில் இறங்கியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு, அதன் ஈரத்தை மற்றக் கால்மேல் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தாள்.